பேச்சாளர் சொல்லாத பத்தி

பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. உள்ளே இரண்டு நாற்காலி, இரண்டு மைக், ஒரு மேசை விளக்கு, காற்று வருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு துவாரம். பன்னாட்டு ஆய்வுக் கல்லூரியில் வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்குப் பொதுச் சொற்பொழிவு நடக்கும். மாணவர்களுக்கு மேடை மொழி தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. அவர்கள் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு பின்வரிசைகளில் உட்காருவார்கள். மேடையில் பேசுவதை அப்படியே ஊர் மொழியில் அவர்கள் காதில் போடுவது கூண்டுக்குள் இருக்கும் இரண்டு பேரின் பிழைப்பு.

ஒருத்திக்குத் தந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு வரி நீளும் வாக்கியத்தை நாலு வார்த்தையில் சுருக்கி அடித்துவிடுவாள். இன்னொருத்தனுக்கு விக்கல். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மந்திரி பேசும்போது நேரலையில் இவனுக்கு விக்கல் எடுத்து, மந்திரிக்குத்தான் உடம்பு சரியில்லை என்று பின்வரிசை முழுக்க உச்சுக்கொட்டியது. அன்றைக்கு ஒட்டிய பெயர், போகவில்லை.

முறை இதுதான். ஆளுக்கு அரைமணி. ஒருவர் பேசும்போது மற்றவர் எண்களையும் ஊர்ப் பெயர்களையும் துண்டுத்தாளில் எழுதி நீட்டுவார். மைக் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு இருமலாம், தும்மலாம், பேச்சாளரைத் திட்டலாம். வெளியே கேட்காது. பெரிய மனிதர்கள் வந்தால் உரையை இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'பேசியதே செல்லும்' என்று போட்டிருக்கும். எழுதி வந்தது எதுவானாலும், மேடையில் வாய்திறந்து சொன்னதுதான் கணக்கு.

அன்றைக்கு வந்தவர் ஒரு முன்னாள் தூதர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஆற்றுநீர் ஒப்பந்தம் போட்டபோது அவர்கள் தரப்பில் உட்கார்ந்து பேசியவர். ஆற்றங்கரைப் படகுத்துறை மூடப்பட்டதும் அந்த ஒப்பந்தத்தால்தான்.

தந்திக்கு அது சோதனை நாள். கல்லூரியின் நிரந்தரப் பட்டியலில் ஓரிடம் காலியாக இருந்தது. மூன்று சொற்பொழிவைப் பிழையில்லாமல் முடித்தால் அந்த இடம் அவளுக்கு. இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது இது. பட்டியலில் ஏறாவிட்டால் மறுபடியும் வாடகை அறையில் உட்கார்ந்து சலவை இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்க வேண்டும். 'மூடியைத் திறக்கும் முன் டிரம் நிற்கும் வரை காத்திருக்கவும்' என்ற வாக்கியத்தை மட்டும் பதினான்கு கம்பெனிக்கு எழுதியிருக்கிறாள். ஊரிலிருந்து அண்ணி ஒவ்வொரு ஞாயிறும் போனில், "என்ன, இன்னும் பர்மனென்ட் ஆகலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாயா என்றே கேட்பாள்.

"டென்ஷனா இருக்கியா?" என்றான் விக்கல்.

"இல்ல."

"அப்ப எதுக்கு என் காபியக் குடிக்கறே?"

அவள் கப்பைப் பார்த்தாள். அவனுடையதுதான்.

"போன மாசம் புல்லாங்குழல் கச்சேரிக்குப் போட்டாங்களே, அது மாதிரி வரணும்" என்றான் அவன். "ரெண்டு மணி நேரத்துல மனுஷன் பேசினது 'வணக்கம்', 'நன்றி'. நான் வணக்கம் சொன்னேன், நீ நன்றி சொன்னே. அதுவல்லவா வேலை!"

தூதர் மேடையேறினார். ஒல்லியான உயர மனிதர். பேச்சைத் தாளைப் பார்த்தே படித்தார். முதல் அரைமணியை விக்கல் முடித்தான். மைக்கின் சிவப்பு விளக்கு இவள் பக்கம் மாறியது.

தந்தி முன்னேற்பாட்டுக்காரி. வந்த உரையை இரண்டு இரவு உட்கார்ந்து முழுக்க மொழிபெயர்த்து எழுதி வைத்திருந்தாள். தூதர் படிக்கப் படிக்க, இவள் தன் தாளைப் படித்தாள். தூதர் குரல் ஒரு காதில், தன் குரல் இன்னொரு காதில். ஒன்பதாம் பக்கத்தில் முதல் பத்தி முடிந்ததும் தூதர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நிதானமாகக் குடித்தார். அந்த இடைவெளியில் இவள் நாக்கு நிற்கவில்லை. எப்போதும் பேச்சாளருக்கு ஒரு வாக்கியம் பின்னால் ஓடுகிறவளுக்கு இன்றைக்கு முந்திக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. இரண்டாவது பத்தியைப் படித்தாள்.

"படகுத்துறையை மூடச் சொல்லி எந்தத் தரப்பும் கேட்கவில்லை. அந்த ஷரத்தை நான்தான் சேர்த்தேன். பேரம் முற்றும்போது விட்டுக்கொடுக்கக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று சேர்த்தேன். கடைசி நாளில் எல்லாரும் களைத்துப்போயிருந்தோம். விட்டுக்கொடுக்க மறந்துவிட்டோம். கையெழுத்தாகிவிட்டது."

தூதர் டம்ளரை வைத்தார். தாளைத் திருப்பினார். மூன்றாவது பத்தியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

விக்கல் துண்டுத்தாளை நீட்டினான். 'அவர் அதைச் சொல்லலை!!' என்று எழுதியிருந்தான்.

இப்படி ஆனால் உடனே 'மொழிபெயர்ப்பாளரின் திருத்தம்' என்று சொல்லி ஒரே வரியில் சரி செய்ய வேண்டும். ஆனால் தூதர் போய்க்கொண்டிருந்தார். அணைகள், கன அடிகள், ஷரத்து எண்கள். ஒரு வாக்கியம் விட்டால் அடுத்ததும் போய்விடும். இதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். அது முடிந்ததும் அடுத்ததை முடித்துவிட்டு என்று நினைத்தாள். உண்மையில், பிழை என்று தன் வாயால் சொன்னால் பட்டியல் போயிற்று என்பதும் நினைவில் இருந்தது.

கண்ணாடி வழியே பார்த்தாள். கடைசிக்கு முந்திய வரிசையில் ஏழு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த ஆற்றங்கரை ஊர்க்காரர்கள். நடுவில் இருந்த அம்மாள், கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடியே கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்ட தையல்காரம்மா, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்தவர் அவள் முதுகைத் தடவினார்.

பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்தது. கேள்வி நேரத்தில் திசை மாறும். ஊர் மொழியில் கேட்பதைக் கூண்டிலிருந்து மேடை மொழியில் சொன்னால், அரங்கு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும். தந்தியின் அரைமணியில் இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி.

முதலில் எழுந்தது தையல்காரம்மா.

"ஐயா, வணக்கம். எனக்குப் பெரிய வார்த்தையெல்லாம் வராது. எங்க அக்காவ அக்கரையில கட்டிக் குடுத்திருக்கு. தோணியில எட்டு நிமிஷம். துறைய மூடினதுக்கப்புறம் பாலம் சுத்திப் போகணும், பதினோரு மணி நேரம். அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நான் போய்ச் சேர்றப்ப பந்தல் பிரிச்சிட்டிருந்தாங்க. இத்தன வருஷமா எந்த ஆபீஸ்ல கேட்டாலும் அவங்கதான் மூடினாங்க, இவங்கதான் மூடினாங்கன்னு கை காட்டுவாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்து, 'நான்தான் செஞ்சேன், மறந்துட்டோம்'னு சொன்னீங்க. கோவம் வரல ஐயா. அழுகதான் வந்துச்சு. மறந்துபோய் மூடினதுன்னா, ஞாபகம் வந்தா தொறக்கலாம்ல? அதான் கேக்கறேன்."

முன்வரிசை மாணவர்கள் அவள் சொல்வது புரியாமல் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். தூதரும் காதில் இருந்த கருவியைத் தொட்டுக்கொண்டு கூண்டைப் பார்த்தார்.

தந்தி பொத்தானை அழுத்தினாள்.

விக்கல் குனிந்து, "வளைச்சு விட்டுரு" என்றான். "படகுத்துறை தொறக்க வாய்ப்பு இருக்கான்னு மட்டும் கேளு. அவரும் பதில் சொல்லிடுவாரு, அந்தம்மாவும் கேட்டுக்கும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா உலகமே இடிஞ்சிருமா? பட்டியலு, தாயே, பட்டியலு!"

"அந்தம்மா அவருக்கு நன்றி மாதிரி ஒண்ணு சொல்லுது. அத நான் எங்க கொண்டு வைக்கிறது?"

விக்கல் தன் மைக்கை ஊர் மொழிக்குத் திருப்பி வைத்துக்கொண்டான். நீ மேடையைப் பார், ஹெட்போனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

தந்தி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். தையல்காரம்மா சொன்னதை வரிக்கு வரி மேடை மொழியில் சொன்னாள். அக்கா, தோணி, பந்தல், அழுகை, ஒன்றையும் சுருக்கவில்லை. தூதரின் முகம் வெளுத்தது. முன்வரிசை மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூதர் அப்படிச் சொல்லி அவர்கள் யாருமே கேட்கவில்லையே.

"இனி பேசுவது மொழிபெயர்ப்பாளர்" என்றாள் தந்தி. அவள் குரல் அரங்கின் நாலு மூலையிலும் கேட்டது. "அந்த வார்த்தைகளைத் தூதர் மேடையில் சொல்லவில்லை. அவர் அனுப்பிய எழுத்துப் பிரதியில் இருந்தன. அவர் சொல்வதற்கு முன்னால் நான் படித்துவிட்டேன். பிழை என்னுடையது. கேள்வி கேட்டவரிடமும் தூதரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

விக்கல் அதையே ஊர் மொழியில் மெதுவாகச் சொன்னான். ஒரு இடத்தில் தொண்டையைச் செருமினான். பொத்தானை அழுத்த மறந்துவிட்டான்.

தையல்காரம்மா நின்றபடியே ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள், அதற்குள் யாரோ இருப்பது போல. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

தூதர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பக்கம்?" என்று கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

"ஒன்பது. இரண்டாவது பத்தி."

அவர் தாள்களைப் புரட்டினார். அரங்கில் தாள் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "நான் தவறிப்போய் விடல. தண்ணி குடிச்சது தாகத்துக்கும் இல்ல. படிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். வேண்டாம்னு திருப்பிட்டேன்."

அது காதுக்கு வந்து சேர்ந்ததும் தையல்காரம்மா மைக்கை வாயருகே இழுத்தாள். "படிக்காட்டி என்னங்க? எழுதினது உங்க கைதானே? என் கடையில அளவு எடுத்துட்டுத் துணிய வெட்டாம வெச்சிருந்தா, சட்டை தெச்சேன்னும் சொல்ல முடியாது, தெக்கலைன்னும் தப்பிக்க முடியாது. துணி என்கிட்டதானே கெடக்கு?"

பின்வரிசை சிரித்தது. தந்தி மொழிபெயர்த்ததும் முன்வரிசை சிரித்தது. கடைசியாகத் தூதரும் லேசாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பத்தியைப் படித்தார். தந்தி ஊர் மொழிக்கு மாற்றிக்கொண்டாள். கையில் எழுதி வைத்த தாளைக் கவிழ்த்துவிட்டாள். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு சொன்னாள். அவர் நிறுத்திய இடத்தில் இவளும் நிறுத்தினாள்.

"தொறக்கற அதிகாரம் இப்ப எனக்கு இல்ல" என்றார் தூதர் முடிவில். "அடுத்த வருஷம் மறுபரிசீலனைக் கூட்டம் இருக்கு. கரையோரத்துக்காரங்க எழுதற கடிதம் அந்த மேசைக்கு வந்தே ஆகணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அதையும் நான்தான் சேர்த்தேன். எழுதுங்க. நான் சொன்னேன்னு போட்டுக்கங்க. இந்தத் தடவை சொல்லிட்டேன்."

கூட்டம் கலைந்ததும் நிகழ்ச்சி அதிகாரி கூண்டுக்கு வந்தார். எப்போதும் இரண்டு போன் வைத்திருக்கும் அம்மாள். இரண்டையும் மேசையில் கவிழ்த்து வைத்தார். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை.

"அறிக்கையில பிழைன்னு எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம்."

"இந்த வருஷம் பட்டியல்ல உன் பேர் இருக்காது."

"சரிங்க மேடம்."

"தூதர் தானே வந்து, பிழையே இல்லன்னு கடிதம் தரேங்கறாரு. வாங்கிக்கவா?"

தந்தி யோசித்தாள். ஆசையாகத்தான் இருந்தது. "வேண்டாம் மேடம். ரெக்கார்டிங்ல என் குரல் முன்னாடி இருக்கு, அவர் குரல் பின்னாடி இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா அவர் கடிதம் பொய்யாயிரும். அப்புறம் அவர் படிச்சதையும் சந்தேகப்படுவாங்க."

"அடுத்த வருஷம் விண்ணப்பம் போடு" என்று சொல்லிவிட்டுப் போன்களை எடுத்துக்கொண்டார்.

"அண்ணிக்கு என்ன சொல்லுவே?" என்றான் விக்கல்.

"சாப்பிட்டேன்னு சொல்லுவேன்."

வாசலில் ஹெட்போன் திருப்பிக் கொடுக்கும் மேசையருகே தையல்காரம்மா நின்றிருந்தாள். ஊர்க்காரர்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டிருந்தார்கள்.

"அந்தக் கொரலு நீதானா?"

"ஆமாம்மா."

"மொதல்ல சொன்னாருன்னே. அப்புறம் சொல்லலேன்னே. ரெண்டு நிமிஷம் என் உசுரு மேலயும் கீழயும் போயிட்டு வந்துச்சு. உனக்கு என்ன, கண்ணாடிக்குள்ள ஒக்காந்துகிட்டே!"

"மன்னிச்சிருங்கம்மா."

"மன்னிக்கறது இருக்கட்டும். லெட்டர் அவங்க பாஷையிலதானே எழுதணும்? எங்க ஊர்ல எவனுக்குத் தெரியும்? பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கு."

தந்தி சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். இப்படிப்பட்ட கடிதங்கள் எப்படி ஆரம்பிக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. மாண்புமிகு, மேற்படி, பொருள், பார்வை. பேனா அங்கே போகப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்கம்மா."

தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

"எங்க அக்காவுக்கு முழங்கால் தேஞ்சுபோச்சு. பதினோரு மணி நேரம் பஸ்ல ஒக்கார முடியாது. தோணின்னா ஒக்காருவா."

தந்தி அதை அப்படியே அந்த மொழியில் எழுதினாள். எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாள்.