தங்கையோடு ஒரு சண்டை

அந்தமானில் தீவு விட்டுத் தீவு போகும் ஃபெர்ரியில் பயந்து மயங்கி விழுந்த நாளிலிருந்து ருக்கு கடல் பக்கமே போவதில்லை. மனநல ஆலோசகர் நளினி விசாரித்தபோது, "பயம் போகணும், அவ்வளவுதான்" என்றாள் ருக்கு.

"போயிட்டா என்ன செய்வீங்க?"

"ஃபெர்ரி ஏறி மாயாபந்தர் போய்த் தங்கச்சிகூட சண்டை போடுவேன் மேடம். போன்ல போட்டா செண்பகம் பாதியிலேயே கட் பண்ணிடறா. நேர்லன்னா கோவம் தீர்ந்து ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடலாம்."

நளினி சிரித்துக்கொண்டே, 'தங்கையோடு சேர்ந்து சாப்பிடுவது' என்று குறிக்கோளை எழுதினாள். "பயம் போறவரைக்கும் காத்திருக்காதீங்க. பயத்தோடயே போங்க."

மூன்றாம் வாரம், மாயாபந்தர் போகும் வழியில் பாராடாங் ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்தபடி ருக்கு நடுங்கிக்கொண்டிருந்தபோது செண்பகம் அழைத்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீ சொன்னியே..."

"நேர்ல வந்துட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் மீன் வாங்கி வை" என்ற ருக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக முந்திக்கொண்டு போனைக் கட் பண்ணினாள்.