மணல் மூட்டைகள்

நாற்காலியின் முதுகில் சுற்ற எடுத்த துணிப்பட்டையை அவள் பிடுங்கிக்கொண்டாள். வண்டியோடு வந்திருந்த இரண்டு ஆட்களும் கையை எடுத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் எந்த வீட்டிலும் யார் பேச்சு எடுபடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா கட்டிலில் கிடந்தாள். விடியும்போதே மூச்சு நின்றிருந்தது.

அம்மாவின் அண்ணனான மாமா பொறுமையாகத்தான் விளக்கினார். மாடிப்படி குறுகல். திரும்பும் இடத்தில் பெட்டி வளையாது. மூன்றாம் மாடியிலிருந்து யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் கட்டி இறக்கி, கீழே போய்த்தான் பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். இந்தக் கட்டிடத்தில் எல்லோரும் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

"கட்ட வேணாம் மாமா."

"கட்டாம எப்படிம்மா? விழுந்துடுவா."

"எட்டு மாசம் கட்டியாச்சு. போதும்."

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பில் பெல்ட் மாட்டியது அவள்தான். அசையக்கூடிய ஒரே கை நாளெல்லாம் அந்தப் பெல்ட்டின் கொக்கியையே தடவிக்கொண்டிருக்கும். சிலநாள் அதைக் கழற்றியும்விடும். போன வாரம்வரை அந்தக் கை சலிக்கவில்லை.

படுத்தபடிதான் அம்மா இந்த வீட்டைவிட்டுப் போவாள் என்று சொல்லிவிட்டு, அவள் பால்கனிக்குப் போய் போன் செய்தாள்.

அம்மா ஒரு நாடகக் குழுவில் செட் போடுகிறவள். சிறையும் அரண்மனையும் மழைக்காடும் அவள் கையால் எழும்பி, நாடகம் முடிந்த மறுநாள் பலகைகளாகப் பிரிந்து லாரியில் போகும். பேசும்போதுகூட உதட்டிடுக்கில் ஆணி இருக்கும். அதனால் குழுவில் அவளுக்கு ஆணியக்கா என்றே பெயர். மாமா அவள் போட்ட செட்டுகளில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பொம்பளைக்குச் சுத்தியல் எதற்கு என்று ஒருமுறை கேட்டு, சுத்தியலாலேயே பதில் வரும் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். மகளும் அதே குழுவில்தான் இருக்கிறாள். எந்த நொடியில் விளக்கு அணைய வேண்டும், எப்போது திரை விழ வேண்டும், மேலிருந்து மேகம் எப்போது இறங்க வேண்டும் என்று மேடை ஓரத்தில் நின்று சொல்வது அவள் வேலை.

குழுவின் லாரி வந்து நின்றதும் மாமாவின் முகம் மாறியது.

"இதை ஒரு நாடகமா ஆக்கிடாத."

"நாடகம்னா என்னன்னு ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கலாம்ல?"



மேடைக்கு மேலே தொங்கும் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிற கயிற்று அண்ணன் பால்கனியில் நின்று, மொட்டைமாடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் உத்திரத்தைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். கட்டிலைப் பார்க்கவில்லை. கம்பித்தடுப்பைக் கழற்றினால் இறக்கிவிடலாம் என்றார்.

செய்முறை மேடையில் செய்வதுதான். உத்திரத்தில் கப்பி. கயிற்றின் ஒரு முனையில் இறக்க வேண்டிய பொருள், மறுமுனையில் அதே கனத்துக்கு மணல் மூட்டைகள். இரண்டும் சமமாக இருந்தால் ஒரு பெரிய மாளிகைச் சுவரைக்கூட ஒற்றை ஆள் பதறாமல் இறக்கலாம். ஆனால் ஒத்திகை பார்க்காமல் எதையும் இறக்கக் கூடாது. காலிப்பெட்டியை மேலே இழுத்தார்கள். அம்மாவுக்குப் பதிலாக மூட்டைகளை உள்ளே வைத்து, அதே அளவு மறுமுனையிலும் சேர்த்து, ஒருமுறை தெருவரை இறக்கி ஏற்றினார்கள். மூட்டைகளை எண்ணும்போது, ஆணியக்கா எவ்வளவு கனம் இருப்பாள் என்று யாரோ கேட்டிருந்தார்கள். கயிற்று அண்ணன் யோசிக்காமல் மூட்டைகளைக் காட்டியிருந்தார். அவள் ஏறினால் ஏணி வளையும். அதைக் கீழே நின்று பிடித்தவர் அவர்தான்.

அது மகளின் காதில் விழவில்லை. வாசலில் அவள் கட்டிடத்துச் செக்ரட்டரியோடு நின்றிருந்தாள். குடும்பங்கள் இருக்கிற இடத்தில் இது என்ன கூத்து, கம்பித்தடுப்பைக் கழற்ற யாரைக் கேட்டாள் என்றார் அவர். கழற்றத் தெரிந்தவர்களுக்கு மாட்டவும் தெரியும் என்றாள்.

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார். அவங்க வர்றதுக்குள்ள நாங்க முடிச்சிடுவோம்."

அவர் போனை எடுத்தார். சிறிதுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

குழுவின் இரண்டு பெண்களும் அவளுமாகப் பெட்டியிலிருந்த மூட்டைகளை எடுத்துவிட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். மகள் பால்கனியின் திறந்த விளிம்புக்கு வந்து, கயிறு ஓடும்போது ஒரே ஒரு குரல்தான் இருக்க வேண்டும், அது என் குரல் என்று கீழே இருந்தவர்களிடம் சொன்னாள். மாமாவும் தெருவில்தான் நின்றார். எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பெட்டியை வெளியே தள்ளினார்கள். அது காற்றில் லேசாக அசைந்து நின்றது.

"இறக்கு."

தெருவில் கயிற்றைப் பிடித்து நின்ற கயிற்று அண்ணன் பிடியைத் தளர்த்தினார். பெட்டி இறங்கவில்லை.

பிடியை இன்னும் விட்டார். மூட்டைகள் தரையைவிட்டு எழவில்லை. பெட்டி மூன்றாம் மாடி உயரத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. கயிற்று அண்ணன் மூட்டைகளைப் பார்த்தார். நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். அப்புறம் தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கப்பி மட்டும் எங்கோ ஒருமுறை கிரீச்சிட்டது.

அம்மா இப்போது எவ்வளவு கனம் என்று அவள் கைகளுக்குத் தெரியும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கிய கைகள். மாதாமாதம் தூக்குவது எளிதாகிக்கொண்டே வந்தது.

"ஒரு மூட்டையை எடுங்க."

கயிற்று அண்ணன் கயிற்றைவிட்டு நகர முடியாது. மற்றவர்கள் நகரவில்லை. மாமாதான் குனிந்து ஒரு மூட்டையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார்.

பெட்டி அசையவில்லை.

"இன்னொண்ணு."

வைத்தார்.

"இன்னொண்ணு."

அந்த மூட்டையை அவர் கீழே வைக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அண்ணாந்தார்.

"இவ்வளவாம்மா?"

ஒற்றைக் குரல் விதியை மீறிவிட்டார். அவள் கண்டிக்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு மாமா."

அதை எடுத்ததும் மீதி மூட்டைகள் தரையைவிட்டுக் கிளம்பின. அவை சுவரையொட்டி மேலே ஏற, பெட்டி அம்மாவைப் படுத்தவாக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கியது. இரண்டாம் மாடி ஜன்னலில் நின்ற ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் 'மெதுவா' என்ற சொல்லை மட்டும் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி தரையைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. கயிற்று அண்ணன் கயிற்றை லாரியின் கொக்கியில் கட்டிவிட்டுப் பெட்டியை அவிழ்த்தார்.

எல்லா நாடகத்திலும் அரசனாக வருவதால் மகாராஜா என்று அழைக்கப்படும் நடிகரும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். ஒரே வீச்சில் தோளுக்கு வந்துவிட்டது. தெருவில் ஒரு சலசலப்பு. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்றவரின் காதில் ஏதோ சொன்னார்.

அவள் விளிம்பில் குனிந்தாள்.

"கனமாத் தூக்குங்க."

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அது மேடை ஓரத்திலிருந்து சொல்லிப் பழகிய குரல்.

மகாராஜா மேலே பார்த்தார். நால்வரும் பெட்டியை மறுபடி தரையில் வைத்தார்கள். தெர்மோகோலில் செய்த பாறையை அவர் பந்துபோல் எடுத்துவிட்டார் என்று ஆணியக்கா ஒரு ஒத்திகையையே நிறுத்தியிருக்கிறாள். உன் கைதான் அதைக் கல்லாக்கணும் என்று கத்தியிருக்கிறாள். அவர் கால்களை அகட்டினார். முழங்காலை மடக்கி, முதுகை நேராக்கி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தார். மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள். பெட்டி அங்குலம் அங்குலமாக எழுந்தது. மகாராஜாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

மாமா பின்மூலையில் போய்த் தோள்கொடுத்தார். அவருக்கு நடிக்கத் தெரியாது. அவருடைய முழங்காலும் மடங்கியது.

காலை எடுத்து வைக்குமுன் ஒவ்வொரு முறையும் இடம் பார்த்தார்கள். நடுவில் ஒருதரம் நின்று தோள் மாற்றினார்கள். கூட்டம் தானாக விலகி, இன்னும் கொஞ்சம் விலகி, சுவரோடு ஒட்டிக்கொண்டது. வண்டியில் சாய்ந்து நின்ற ஓட்டுநர் அவர்கள் தூக்கிவரும் விதத்தைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டு, பாரம் தாங்க ஓடினார்.