மறுப்பவர் உளரோ

கதிரவன் மேற்கே சாய்ந்து, அகன்ற ஆற்றையும் அதன் கரையில் அடர்ந்து நின்ற மாநகரின் உயர்மாடங்களையும் பொன்னிறமாக்கிய பிற்பகல் வேளையில், பன்னாட்டுக் கொடிகள் காற்றில் படபடக்க, அவற்றின் பின்னே கண்ணாடிச் சுவர்களோடு எழுந்து நின்ற உலகப் பேரவையின் உள்ளே, அவ்வாண்டின் இறுதி அமர்வு நடந்துகொண்டிருந்தது. பேராளர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பும் பெட்டியைக் கால்மாட்டில் வைத்திருந்தனர். எஞ்சியோரில் பலர் கண்ணைத் திறந்தவாறே உறங்கும் கலையில் தேர்ந்தவர்கள். படிப்பவரே, உலகைக் காக்கக் கூடியவர்க்கும் உண்ட களைப்பு உண்டல்லவா?

தலைவரின் வலப்பக்கத்தில், சிறுசிறு விளக்குகள் பதித்த பலகையொன்றின் முன் அமர்ந்திருந்தவர் சீரமைப்புச் செயலரான அம்மையார். ஆமை வேகத்தில் ஊர்ந்த அப்பேரவையை ஓடவைக்க வேண்டுமென்று அமர்த்தப்பட்டவர். வாழ்த்துரைகளைச் சுருக்கினார், ஒரே பொருளில் வந்த முன்மொழிவுகளை ஒன்றாக்கினார், பேசுவோர் எல்லை மீறினால் ஒலிவாங்கி தானே அடங்கச் செய்தார். அதனால் அவருக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர் வாய்த்தது. அவர் வாழ்த்தினால் 'நூறாண்டு' என்பதும் ஐம்பதாகிவிடும் என்று உணவுக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்; அவர் தட்டோடு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே அவர் நாள்தோறும் தனியாகவே உண்டார். மணவாழ்வு எப்போதோ முறிந்துவிட்டது. அயல்நாட்டில் வாழும் மகளோ அம்மா வேலையாக இருப்பாள் என்று எண்ணியே அழைப்பதை விட்டுவிட்டாள். வேலை ஒன்றே அவருக்கு உறவாய் எஞ்சியிருந்தது.

அவர் வெட்டியவற்றுள் பழைய வழக்கம் ஒன்றும் இருந்தது. எந்த முன்மொழிவையும் வாக்கெடுப்பின்றி ஏற்குமுன், தலைவர் "மறுப்பவர் உளரோ?" என்று மும்முறை, இடைவெளி விட்டுக் கேட்பார். ஒரே ஒருவர் விசையை அழுத்திச் செயலரின் பலகையில் தம் விளக்கை எரியவிட்டால் போதும். அம்முன்மொழிவு நிறுத்தப்பட்டு முழு விவாதத்துக்குப் போய்விடும். மும்முறை கேட்பது வீண் என்று கருதி அம்மையார் அதை ஒருமுறையாக்கினார். சில நாடுகளின் மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர் அரியர் என்பதால், அவையின் பேச்சு முதலில் வேறொரு மொழிக்குப் பெயர்ந்து, அங்கிருந்தே அந்நாட்டார் செவியை அடையும் என்பதையும், அந்தச் சிறு சுணக்கத்துக்காகவே முன்னோர் மும்முறை கேட்டனர் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று இறுதிக்கு முன்னதாக எடுக்கப்பட்ட முன்மொழிவு அவருடைய பல்லாண்டு உழைப்பு. சின்னஞ்சிறு தீவு நாடுகள் சிலவற்றுக்குத் தனித்தனி இருக்கை வேண்டாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இருக்கையும் ஒரே குரலும் போதும் என்பது அது. முன்னிரு ஆண்டுகளிலும் விவாதத்தில் சிக்கித் தள்ளிப்போனது. இம்முறையும் தவறினால் அவரது பதவியே எடுக்கப்படும் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

"மறுப்பவர் உளரோ?" என்றார் தலைவர். அவை அசையவில்லை. மரச்சுத்தியல் விழுந்தது.

விழுந்த பின், கடைசி வரிசைத் தீவொன்றின் விளக்கு அம்மையாரின் பலகையில் சிவப்பாய் எரிந்தது. அடுத்த பொருளைப் படிக்குமுன் எரியும் விளக்கு செல்லும் என்பது விதி. அதை அவரன்றி வேறெவரும் பார்க்கவில்லை. தலைவர் அவர்பக்கம் திரும்பி, "அடுத்தது என்னம்மா?" என்றார். ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அவர் கை அடுத்த தாளை நகர்த்தியது. தலைவர் படிக்கத் தொடங்கினார்.

அவை கலைந்து, கைகுலுக்கல்களும் பாராட்டுகளும் ஓய்ந்தபின், நடைவழியில் தீவுப் பேராளர் அவருக்காகக் காத்திருந்தார். தளர்ந்த முதியவர்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் விசைய அழுத்தினேன். விளக்கு எரிஞ்சுதா?"

செயலர் அன்று மாலைக்குள் தாம் கண்டதைச் சொன்னால் முடிவு செல்லாது என்று இன்னொரு விதியும் இருந்தது. சாளரத்துக்கு வெளியே வெயில் இன்னும் மறையவில்லை.

"எரியலை ஐயா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

முதியவர் தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப நான்தான் சரியா அழுத்தலை போல. விரல்ல முன்ன மாதிரி வலு இல்ல. 'நீங்க ஒண்ணும் பெருசாப் பேச வேண்டாம், எங்களுக்கு இது வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு வாங்க'ன்னு சொல்லி அனுப்பினாங்க. அதைக்கூடச் சொல்லாம போறேன்." சற்று நின்று, மெல்லச் சிரித்தார். "நீங்க கலங்காதீங்கம்மா, உங்க முகமே வாடிப்போச்சு. அவையில எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு, என் கைதான் தவறிடுச்சுன்னு ஊர்ல சொல்லிடறேன். கீழ வர்றீங்களா? ஒரு வாய் தேநீர் குடிச்சுட்டுப் போகலாம்."

எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அவரைத் தம்முடன் அமர அழைத்தார். "வேலை இருக்குங்கய்யா," என்றார் அம்மையார். வேலை ஏதும் இருக்கவில்லை.

முதியவர் கைகூப்பி விடைபெற்று, சுவரைப் பற்றியவாறு படியிறங்கினார். கூப்பிட்டு நிறுத்தும் தொலைவில்தான் அவர் நெடுநேரம் சென்றுகொண்டிருந்தார், அம்மையார் கூப்பிடவில்லை. மெல்ல வெயில் அவிந்தது, விதி தந்த மாலையும் கழிந்தது. பேரவைக்கு அவர் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரமெல்லாம் அன்றிரவு அவர் ஒருவர் மீதே வந்து இறங்கியது. பிறர் சொல்லை விழுங்கியவர்க்குத் தம் சொல்லைக் கேட்க ஆளிருப்பதில்லை. அந்த வெறுமையைச் சுருக்குதற்கு அவர் கைவசம் எந்த விதியும் இருக்கவில்லை.