அட்டையில் வந்த நாத்தனார்

மாத இதழாக வரும் பேய் நாவல்களுக்கு அட்டைப்படம் வரைவதுதான் அவள் தொழில். மாதம் ஒரு நாவல், நாவலுக்கு ஒரு பேய் என்று பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. குடியிருப்பில் எதிரே பார்த்தால் அவளை "ஓவியர் மேடம்" என்பார்கள். படி இறங்கியதும் "பேய்க்காரி" என்பார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சாப்பாட்டு மேஜையின் பாதி அவளுடைய வண்ணங்களுக்கு, மீதி பாதி தட்டுகளுக்கு. சில நாள் இரண்டும் கலந்துபோகும். கணவன் ஒருமுறை பச்சை வண்ணத்தைச் சட்னி என்று தொட்டுவிட்டு நாள் முழுக்க வாய் கொப்பளித்தான்.

ஒரு நாள் பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க பேய்ங்க எல்லாம் ரொம்ப சாதுவாயிடுச்சு. ஒரு வாசகி எழுதியிருக்காங்க. போன மாச அட்டையைப் பார்த்து அவங்க குழந்தை டாட்டா காட்டுச்சாம்."

அவள் பழைய அட்டைகளை எடுத்துப் பரப்பிப் பார்த்தாள். நீளப் பல், சிவந்த கண், விரித்த தலைமுடி. பயம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினால் சரியாகிவிடும் போன்ற முகங்கள்.

அந்த வாரம்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனின் ஒரே அக்கா. அவள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், பத்து நாளில் முடிந்துவிடும் என்று பெட்டியோடு வந்தவள், முதல் நாளே சமையலறை டப்பாக்களை இடம் மாற்றினாள். இரண்டாம் நாள் தம்பி இளைத்துப் போய்விட்டான் என்று கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, எதிரே உட்கார்ந்திருந்த ஓவியரைப் பார்த்து, "எனக்கென்னம்மா வந்தது? நான் எதுவும் சொல்லலை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஓவியருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சிரித்த நாத்தனாரின் கீழுதடு தானாக ஒரு விரல் முன்னால் வந்தது. இடது கண் பாதி மூடிக்கொண்டது. கழுத்தில் இரண்டு நரம்புகள் கயிறு போலப் புடைத்தன. தாடை மச்சத்தில் இருந்த மூன்று முடியும் நிமிர்ந்தன. இத்தனைக்கும் அது அன்பான சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த ஓவியருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

தட்டைக் கழுவிப் போட்டுவிட்டு அவள் தூரிகையை எடுத்தாள். பல்லும் ரத்தமும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும்தான். ஜாக்கிரதையாக மச்சத்தை எடுத்துவிட்டாள்.

பத்து நாள் ஒரு மாதமாகி, நாத்தனார் வீட்டுப் பெயிண்ட் இன்னும் காயாத நிலையில், நாவல் கடைக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று பேப்பர் கடைக்காரர் அட்டையைத் திருப்பித் தொங்கவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தே அந்தக் கடையின் பிரதிகளெல்லாம் விற்றுப்போயின. கணவன் ஒன்றை வாங்கிக்கொண்டு முகம் வெளுத்து வந்தான்.

"ஏய், இது அக்கா."

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா இருக்கு?"

"மெதுவாப் பேசுங்க. மச்சத்தை எடுத்துட்டேன் பாருங்க."

"மச்சத்தை எடுத்துட்டா ஆச்சா? இதைப் பார்த்ததும் 'வீட்டுப்பாடம் எழுதிட்டேன் அக்கா'ன்னு வாயில வந்துடுச்சு!"

இருவரும் சேர்ந்து புத்தகத்தைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் ஒளித்தார்கள். வீட்டிலேயே நாத்தனார் கை அதிகம் படும் இடம் அதுதான் என்பது பதற்றத்தில் இருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை சமையலறைச் சத்தம் திடீரென்று நின்றது. கணவன் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு சிலையானான். பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு வெடித்தது.

"அசல் என் சின்ன மாமியார்! அப்படியே உரிச்சு வெச்சிருக்கியே! அவளை நீ எங்கேம்மா பார்த்தே?"

நாத்தனார் பத்துப் பிரதி வாங்கி உறவுக்கெல்லாம் அனுப்பினாள். சின்ன மாமியார் போனில், "உன் சம்பந்தியம்மாதானே?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சம்பந்தியம்மா அதில் தன் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். அந்த மூஞ்சி குடும்பம் முழுக்கச் சுற்றிவந்தது. என்னுடையதுதான் என்று வாங்கிக்கொள்ள ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். உருண்டை முகம், சின்ன உதடு. அட்டைக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

"என்னைத்தானே மேடம் வரைஞ்சிருக்கீங்க?"

"சத்தியமா இல்லை சார்."

"மறைக்காதீங்க. அது என் சிரிப்பு. மூணாவது மாடிக்காரங்க தண்ணி வரலைன்னு வந்து நின்னப்ப நான் சிரிச்சேனே, அதே சிரிப்பு. வால்வை நானே மூடிட்டு அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாதுதான். அதுக்காக அட்டையில போடுவாங்களா?"

"வால்வை மூடினீங்களா?"

செயலாளர் சுதாரித்துக்கொண்டார். பத்திரிகையில் மறுப்பு போட வேண்டும், இல்லாவிட்டால் சங்கத்தைக் கூட்டுவேன் என்று படபடத்துவிட்டுப் போனார். அன்று பகலே மூன்றாவது மாடியில் தண்ணீர் வந்தது.

விஷயத்தைக் கேட்ட பதிப்பாளர் பயந்து, அடுத்த இதழில் மறுப்பு போட்டார்: "சென்ற இதழ் அட்டையில் இடம்பெற்ற பேய் எவரையும் குறிப்பதல்ல." அதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு கடிதங்கள். ஒரு தலைமையாசிரியை, தன்னைக் கேலி செய்ய வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டிருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "இருபது வருடத்துக்கு முன் நடந்ததை இப்போது கிளறுவது என்ன நியாயம்?" என்று குமுறியிருந்தார். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாமனார் மாப்பிள்ளையின் தூண்டுதல் என்று சந்தேகப்பட்டார். இத்தனை விளம்பரம் கிடைத்ததும், மறுப்பு போடும் யோசனை யாருடையது என்று கேட்பவர்களிடம் பதிப்பாளர் இப்போது தன்னுடையது என்றார்.

இதற்குள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் "இலக்கியத்திலும் வெகுசனக் கலையிலும் கோரம்" என்று கருத்தரங்கு வைத்து அட்டையைத் திரையில் போட்டார். இந்த உதடு நுகர்வின் பசி, இந்தப் பாதிக் கண் வரலாற்றின் மறதி என்று முக்கால் மணி நேரம் பேசினார். நாத்தனார் முதல் வரிசையில் உட்கார்ந்து, "எவ்வளவு கரெக்டாச் சொல்றார்!" என்று தலையாட்டினாள். கடைசியில் ஓவியரை மேடையேற்றி, அந்த முகத்தின் மூலம் எது என்று கேட்டார்கள். அவள் முதல் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வீட்டுல... சாப்பிடும்போது பார்த்ததுதான்" என்றாள்.

அரங்கம் எழுந்து கைதட்டியது. பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும் முன்தினம் நாத்தனார் தயங்கித் தயங்கி வந்தாள். தயக்கம் அவளுக்குப் பழக்கமில்லாததால் முதலில் உடம்பு சரியில்லையோ என்று தோன்றியது.

"யார் யாரையோ வரையறே. என்னை ஒண்ணு வரைஞ்சு தரியா?"

"உங்களையா அண்ணி?"

"வீட்டுல ஒரு போட்டோ உருப்படியா இல்லம்மா. எல்லாத்துலயும் ஓரத்துல நிக்கறேன். பாதிதான் விழுந்திருக்கேன்."

ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தலைவாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்தாள். அசையக் கூடாது என்று சொன்னதால் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. வாய் மூடியதும் உதடு தன் இடத்துக்குப் போனது. கழுத்து நரம்புகள் அடங்கின. கண்ணுக்குக் கீழே ஒரு களைப்பு இருந்தது. இத்தனை நாளும் பேச்சு அதை மறைத்திருந்தது. ஓவியருக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இல்லாததைச் சேர்க்கவில்லை, இருப்பதையும் விடவில்லை. மச்சத்தை, மூன்று முடியோடு, அப்படியே போட்டாள்.

நாத்தனார் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மச்சத்தைக்கூட விடலை நீ" என்றாள். படத்தைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் போனாள்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. புது பெயிண்ட் சுவரில் படத்தை மாட்டியிருக்கிறாளாம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் ஜாடையே இல்லை என்றார்களாம்.

"என் சின்ன மாமியார் இருக்காளே, அவ கிட்டப் போய்ப் பார்த்துட்டு, 'இது யாரோ நல்ல பொம்பளை மாதிரி இருக்கே'ன்னா!"

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"நான் என்னத்தைச் சொல்றது? உட்கார வெச்சு வயிறு நிறையச் சாப்பாடு போட்டேன்" என்றாள் நாத்தனார். "குழம்புல காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா விழுந்துடுச்சு."