ஏசுபாதம் ஹெல்மெட்டுல நான் போட்ட பட்டை

தாம்பரம் மார்க்கெட்ல போர்டு எழுதுற சவுரிமுத்து யாருன்னு யார வேணா கேளு, கை காட்டுவாங்க. சலூன்லேர்ந்து லாட்ஜ் வரைக்கும் எல்லாம் என் கை. அந்தத் திமிருதான்யா என்னைக் கெடுத்துச்சு.

எம்பத்தேழுல சிலோன் சண்டைக்குக் கப்பலேற வந்தப்ப, என் தங்கச்சி செல்வமேரி புருஷன் ஏசுபாதம் கீழ்க்கட்டளை வூட்டுக்கு ஒரு பகல் வந்துட்டுப் போனான். மிலிட்டரில நாயக். பத்து பேரைக் கூட்டிக்கினு முன்னால போறவன். "மச்சான், பின்னால வர்ற பசங்களுக்கு நான்தான்னு தெரியணும். ஹெல்மெட்டுக்குப் பின்பக்கம் சின்னதா ஒரு பட்டை போடு. மங்கலா இருந்தா போதும்"னான்.

மங்கலாவாம்! பஸ்ல போறவன் படிக்கணும்னு போர்டு எழுதுறவன்கிட்ட வந்து மங்கலான்றான். "போ மாப்ள, உனுக்கு இன்னா தெரியும்"னு பளபளன்னு வெள்ளை எனாமல்ல தலையைச் சுத்திப் போட்டேன், முன்பக்கமும் சேத்து. ஓரத்துக்குக் கறுப்புக் கோடு வேற. அவன் சிரிச்சுகினே மாட்டிக்கினு போனான். தங்கச்சிக்கு அவ்ளோ பெருமை.

மூணே மாசம். தந்திதான் வந்துச்சு, ஒடம்பு வரல.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச வாரம், அவன் கூடவே இருந்த சிப்பாய் தேவானந்தம் லீவுல வந்தான். படப்பைக்காரன். என் கடையில ஒக்காந்து, "தென்னந்தோப்புல நொழைஞ்சோம்ணா. அந்த வெள்ளைப் பட்டைதான் அவனுங்களுக்குக் குறி. மொத குண்டே இவருக்குத்தான்"னான். சொல்லிட்டு டீயைக் குடிச்சான். நான் பிரஷ்ஷைக் கீழ வெச்சிட்டேன்.

நாளைக்கு இதையே தங்கச்சிகிட்டயும் போய் சொல்லுவான். எவன் வாயாலயோ கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு சைக்கிளை மிதிச்சேன். எனக்குன்னு கீறது ஒரே தங்கச்சி. அவளும் மூஞ்சியைத் திருப்பிக்கினா நான் எங்க போவேன்?

அரிசி களைஞ்சுகினு இருந்தா. ஒண்ணு விடாம சொன்னேன். "நான்தாம்மா கொன்னுட்டேன். செருப்பைக் கழட்டி அடி"ன்னேன்.

அவ தண்ணியை வடிச்சுட்டு நிமிந்தா. கண்ணுல பொட்டு ஈரமில்ல.

"கூட இருக்கறவங்க எல்லாம் சுரண்டிடச் சொல்றாங்க, சுரண்டட்டுமான்னு அவரு லெட்டர்ல கேட்டிருந்தாருண்ணா. வேணாம், எங்கண்ணன் ஆசையாப் போட்டது, தெரிஞ்சா மனசு நோவும்னு நான்தான் எழுதிப் போட்டேன்."