எட்டு இலக்கத்தில் நின்ற எண்

“வால நறுக்கிட்டே வந்தாலும் பகா எண்ணாவே இருக்கற பெரிய நம்பர் ஒண்ணு கண்டுபுடிப்பியா?”

ஒன்பதாம் வகுப்பில் கேத்தரின் மிஸ் என்னைக் கேட்டார். நான் தலை குனிந்துகொண்டேன். வாயே திறக்காத பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று அந்த வருடமே அப்பா என்னை நிறுத்தி, அடுகோடி கடைத்தெருவில் தன் வண்டி சீட் கவர் கடையில் உட்காரவைத்தார்.

நூல் பிசிறு வெட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் வகுத்துக்கொண்டிருந்தேன். 73939133 கிடைத்தது. கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913. அதுவும் பகா எண். பிறகு 739391, 73939, 7393, 739, 73, 7. எங்கே நறுக்கினாலும், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் வகுபடாது.

அடுத்த வருடம் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்த தம்பி பரத்திடம் சொல்லியனுப்பினேன். மிஸ் கடைக்கே வந்தார்.

“ஸ்கூல் கண்காட்சி சார்ட்ல உன் பேரு இருக்கட்டும், தமயந்தி. பிரின்சிபால்கிட்ட காட்டி மறுபடி சேத்துக்கச் சொல்றேன்.”

சார்ட் எழுதும் வேலையைப் பரத் வாங்கிக்கொண்டான்.

கண்காட்சிக்கு அப்பாவோடு போனேன். ‘பரத், ஒன்பதாம் வகுப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“டேய், என் பேரு எங்கடா?”

“இடம் பத்தலக்கா. சீன் போடாத.”

பாதி சார்ட்டில் ஜிகினா நட்சத்திரம் ஒட்டியிருந்தான். அதற்கெல்லாம் இடம் இருந்தது.

“யார் பேரு வந்தா என்ன? ஒரே வீடுதானே,” என்றார் அப்பா. நான் மிஸ்ஸைத் தேடினேன். மிஸ் கீழே வாசலில் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

அப்போது பிரின்சிபால் வெங்கடராமன் வந்தார். “பலே! ஆனா எட்டு இலக்கத்தோட ஏன் நின்னுபோச்சு? ஒன்பதாவதா ஒண்ணு சேத்தா என்ன?”

“கால்குலேட்டர்ல எட்டுதான் சார் தெரியும்,” என்றான் பரத்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக் கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் காட்டும், உண்மை. அதற்குமேல் நான் தாளில் வகுத்தேன். அதைப் பரத் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அப்பா என் தோளை இடித்தார். “பதில அவன் காதுல சொல்லு. மானம் போகுது பாரு.”

அவன் காதில்! மேஜையிலிருந்த மார்க்கரை எடுத்தேன். நட்சத்திரங்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் எழுதினேன். கடைசியில் 0, 2, 4, 6, 8 வைத்தால் இரண்டால் வகுபடும். 5 வைத்தால் ஐந்தால். 1, 7 வைத்தால் மூன்றால். மிச்சம் 3, 9. அவற்றையும் வகுக்கும் எண்கள் இருக்கின்றன; தேடிப் பிடிக்க ஒரு மழைக்காலம் போனது. ஆகவே இந்த எண் இதற்குமேல் நீளாது. கீழே தமயந்தி என்று எழுதினேன். அழுத்தியதில் சார்ட் கிழிந்தது.

“இது யாரு?” என்றார் பிரின்சிபால்.

“நான்தான் சார். எண்ணும் என்னோடது.” குரல் கத்தலாகத்தான் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். “உங்க பொண்ணா? எந்த ஸ்கூல்ல படிக்கறா?”

பரத் தரையைப் பார்த்தான். நான் அப்பாவையே முறைத்துக்கொண்டு நின்றேன். சொல்லட்டும், அவர் வாயாலேயே சொல்லட்டும்.

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.