ஈரத் தரை

"அப்பா, உன் கால்ல மண்புழு எப்பிடிப்பா உள்ள பூந்துச்சி?"

சுனாமி வந்த வருஷம், ஐந்து வயது வித்யா இப்படிக் கேட்டபோது பொன்னுரங்கம் சிரித்தான். முதுநகரில் இஸ்திரி வண்டியின் முன்னால் வருஷக்கணக்காக நிற்கிற கால்கள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன.

வித்யா இப்போது எட்டாவது படிக்கிறாள். அவனுக்குச் சிரிப்பு வருவதில்லை. புண் வந்துவிட்டால் நின்று வேலை செய்யவே முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிற்காமல் அவனுக்கு ஏது பிழைப்பு?

அடுத்த தெருவில் சவரியம்மாள் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். துணி போட வந்த ஒருநாள் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே எடத்துல நிக்காதப்பா. அப்பப்ப நட. ஒக்காந்து கால தூக்கி வை."

"கால நான் தூக்கி வச்சிக்கிறேன் நர்சம்மா, பொட்டிய நீங்க புடிக்கிறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தொடங்கியது. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் துணி போடுகிறவர், காலையில் ஒரு புடவை, மத்தியானம் ஒரு ஜாக்கெட், சாயங்காலம் ஒரு தலையணை உறை என்று கொடுத்தார். ஒவ்வொன்றையும் அவனே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். போனால் நாற்காலியைக் காட்டுவார்.

"தரைய இப்பதான் தொடச்சேன். காயிற வரைக்கும் கால அந்த முக்காலி மேல வச்சிக்கினு ஒக்காரு."

எப்போது போனாலும் தரை ஈரமாகவே இருந்தது.

பொன்னுரங்கத்தின் அப்பா, வெளுத்த துணியை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றே பழகியவர். மகனுக்கு அது மறக்கவில்லை.

"நம்ம கால் பட்டா அவுங்க தரை தீட்டாயிடுமாம்," என்றான் மனைவி தில்லையம்மாளிடம். "அன்னிக்கி கிண்டல் பண்ணன் இல்ல, அதுக்குப் பழி வாங்குறாங்க."

"மாதா கோயிலுக்குப் போற அம்மா, அப்பிடியா நெனைப்பாங்க?"

"உனுக்குத் தெரியாது. உள்ள ஒண்ணு வச்சிக்கினு வெளிய சிரிப்பாங்க."

"ஆமா, எனுக்கு ஒண்ணும் தெரியாது. டெய்லி ராத்திரி காலப் புடிச்சி வுடுடின்னு உசுர எடுப்பியே, ஒரு மாசமா கேக்கல. அது ஏன்னாவது உனுக்குத் தெரியுமா?"

அவன் குனிந்து கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தான். சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் வேண்டுமென்றே சீக்கிரம் போய், பக்கத்துச் சந்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தான். தரை காய்ந்திருந்தது. சவரியம்மாள் விந்தி விந்திக் கொல்லைக்குப் போனார். டிரம்மிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து நாற்காலியின் கீழே ஊற்றினார்.

அவன் வாசலுக்கு வந்தான்.

"நான் மிதிக்கக் கூடாதுன்னா வாசல்லியே வாங்கிக்கிங்க நர்சம்மா. காஞ்ச தரையில எதுக்குத் தண்ணி?"

அவர் திடுக்கிட்டார். பிறகு புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கினார். கட்டுப் போட்டிருந்தது.

"முப்பது வருஷம் வார்டுல நின்ன கால். புண்ணு ஆறுது, மறுபடி வருது. உனுக்கு வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். நீ கேக்கல. சும்மா ஒக்காருன்னா ஒக்காருவியா நீ? தலகாணி உறைக்கு எவளாவது இஸ்திரி போடுவாளா பைத்தியமே!"

நல்லது செய்ய ஒரு சின்னப் பொய் தேவைப்பட்டால் தெய்வம் அதைப் பொறுத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன்.

பொன்னுரங்கம் உட்கார்ந்து, தானாகவே காலை முக்காலி மேல் வைத்தான். கொல்லையில் டிரம்முக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் தெரிந்தன. அந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு. தெருமுனைக் குழாயிலிருந்து, அந்தக் காலோடு, அவர்தான் குடம் குடமாகச் சுமந்து வர வேண்டும். அதில்தான் தினமும் மூன்று சொம்பு அவனுக்காகத் தரையில் போயிருக்கிறது.

மறுநாள் விடியுமுன், தெரு எழுவதற்குள், குழாயில் தண்ணீர் வந்தது. பொன்னுரங்கம் அந்தக் குடங்களோடு ஆறு நடை நடந்தான். டிரம் நிறைந்ததும் மூடினான். கொல்லை மண்ணில் அவன் பாதங்கள் ஈரமாகப் பதிந்திருந்தன. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றி அழித்துவிட்டு, சந்து வழியாக நடந்து போனான்.